கேள்விப்படாத ஒரு பழைய ஹாலிவுட் வீட்டு நகைச்சுவைக் குறும்படத்தை எடைபோடுவது எப்படி?

சாப்ளினோ லாரல் ஹார்டியோ நடித்த படம் என்றால் நமக்கு முன்பே நூறு பேர் தீர்ப்பு எழுதிவைத்திருப்பார்கள். இணையத்தில் துழாவும்போது, பெயரே தெரியாத ஒரு நடிகரின் 20 நிமிடக் கறுப்பு வெள்ளைப் படம் அகப்பட்டால்தான் சிக்கல். கணவன், மனைவி, சில சமயம் கூடவே மாமியாரும் மச்சானும். படம் முடிவதற்குள் கூரை பிய்கிறது, சோபா உடைகிறது, யாரோ ஒருவர் தலையில் மாவு கொட்டுகிறது. நாம் சில இடங்களில் சிரித்தோம், சில இடங்களில் சிரிக்கவில்லை. நல்ல படமா என்று நண்பர் கேட்டால் என்ன சொல்வது?

நான் இந்த வகைப் படங்களை மிகவும் மதிக்கிறேன். 1910களிலிருந்து 1950கள் வரை அமெரிக்கத் திரையரங்குகளில் பெரிய படத்துக்கு முன்னால் செய்திப் படம், கார்ட்டூன் ஆகியவற்றோடு ஓட்டுவதற்காக இவை ஆயிரக்கணக்கில் எடுக்கப்பட்டன. பெரும்பாலானவை அவசரத்தில் எடுத்தவை. ஆனால் அவற்றுள் சில, முழுநீளப் படங்கள் பலவற்றைவிடக் கச்சிதமாகக் கட்டப்பட்டவை. அந்தச் சிலவற்றைப் பிரித்தெடுக்க நான் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: இந்த ரகளை இந்தத் தம்பதியின் வீட்டில் மட்டும்தான் நடக்குமா, வேறொரு தம்பதியை அங்கே குடிவைத்தாலும் இப்படியேதான் நடக்குமா? கீழே வரும் படிகள் எல்லாம் இந்தக் கேள்விக்குச் சாட்சி சேர்க்கும் வழிகள்.

முதல் படி: கையில் இருப்பது முழுப் படம்தானா?

படத்தைக் குறை சொல்வதற்கு முன், பிரதியைப் பாருங்கள். அந்தக் காலத்து 35 மி.மீ. ரீல் ஒன்றின் முழு அளவு 1000 அடி. ஓர் அடியில் 16 ஃபிரேம், அதாவது 16 தனித்தனிப் படம். பேசும் படங்களின் வேகமான விநாடிக்கு 24 ஃபிரேமில் ஓட்டினால் ஒரு ரீல் சுமார் 11 நிமிடம் வரும். விநாடிக்கு 18 ஃபிரேம் என்றால் அதே ரீல் ஏறக்குறைய 15 நிமிடம் ஓடும். மௌனப் படக் காலத்தில் எல்லோருக்கும் பொதுவான ஒரே வேகம் கிடையாது. அதனால் ஒரே இரண்டு ரீல் படம் ஓரிடத்தில் 22 நிமிடமாகவும் இன்னோரிடத்தில் 30 நிமிடமாகவும் கிடைக்கலாம். இரண்டும் முழுப் படமாகவே இருக்கலாம். அதே படம் 9 நிமிடம்தான் ஓடுகிறது என்றால் யாரோ வெட்டியிருக்கிறார்கள். வீட்டில் போட்டுப் பார்ப்பதற்கான சிறிய ஃபிலிமுக்காகவும் தொலைக்காட்சிக்காகவும் இப்படி வெட்டப்பட்டவை ஏராளம். சிலவற்றுக்குப் பெயரையே மாற்றிவிட்டார்கள்.

வேகம் சரியா என்று அறிய, துரத்தல் காட்சியைப் பார்க்காதீர்கள். அங்கே கேமராவின் கைப்பிடியை வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றி, திரையில் வேகம் கூட்டுவது வழக்கம். அமைதியான காட்சியைப் பாருங்கள். ஒருவர் நாற்காலியில் உட்கார்கிறார், கோப்பையில் காப்பி ஊற்றுகிறார், கோட்டைக் கழற்றி மாட்டுகிறார். அதுவே துள்ளலாகத் தெரிந்தால் பிரதியின் வேகம் தப்பு. பார்க்கும் செயலியிலேயே வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

மௌனப் படத்தோடு வரும் இசை பெரும்பாலும் பிற்காலத்தில் யாரோ சேர்த்தது. அது எரிச்சலூட்டினால் ஒலியை அணைத்துவிடுங்கள். அந்த இசைக்குப் படம் பொறுப்பல்ல.

இரண்டாம் படி: ஆண்டைத் தெரிந்துகொள்ளுங்கள்

இதற்கு அதிக நேரம் வேண்டாம். 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு. 1927க்கும் 1929க்கும் இடையே படங்கள் பேசத் தொடங்கின. 1929 இறுதியிலிருந்து பொருளாதார மந்தம். 1934 ஜூலையிலிருந்து தணிக்கை விதிகள் கடுமையாக அமலாயின. இந்த நான்கும் நினைவில் இருந்தால் போதும். விருந்து நடக்கும் இடத்தில் போலீஸ் ஏன் புகுகிறது, தவணையில் வாங்கிய பொருளை ஏன் வந்து தூக்கிப் போகிறார்கள், ஒரு வருடத்துப் படத்தில் இருக்கும் துணிச்சல் அடுத்த வருடத்துப் படத்தில் ஏன் இல்லை என்பவை விளங்கிவிடும்.

மூன்றாம் படி: முதல் தடவை நாலு பேரோடு பாருங்கள்

இதைப் பலர் செய்வதில்லை. இந்தப் படங்கள் கூட்டத்துக்காக எடுக்கப்பட்டவை. லாரல் ஹார்டி படங்களை எடுத்த ஹால் ரோச் ஸ்டுடியோவில் ஒரு படத்தை முடித்ததும் சாதாரண ரசிகர்கள் உள்ள திரையரங்கில் போட்டுப் பார்த்து, சிரிப்பு எங்கே விழுகிறது என்று கவனித்து மறுபடியும் வெட்டி ஒட்டுவார்கள். அரங்கம் சிரித்து முடிக்கும்வரை அடுத்த வசனம் வராமல் இடைவெளி விட்டார்கள். ஹார்டி நம்மை நேராகப் பார்த்துப் பெருமூச்சு விடும் நீண்ட விநாடிகள் அப்படி வந்தவைதான். தனியாக, கைபேசியில், இரவு 11 மணிக்குப் பார்த்தால் அந்த இடங்கள் இழுவையாகத் தோன்றும். வீட்டில் உள்ள பெரியவர், சிறுவர் என்று சிலரைக் கூட்டி உட்காரவைத்துப் பாருங்கள். நிறுத்தாதீர்கள், குறிப்பு எடுக்காதீர்கள். யார் எங்கே சிரித்தார்கள் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை சிரித்த இடமும் பாட்டி சிரித்த இடமும் வேறு வேறாக இருந்தால், படத்தில் இரண்டு அடுக்கு வேலை நடந்திருக்கிறது.

நான்காம் படி: இரண்டாம் தடவை, முதல் மூன்று நிமிடம்

இனி தனியாக உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். தொடக்கத்தில் இரண்டு விஷயங்களைத் தேடுங்கள். யாருக்கு என்ன வேண்டும்? வீட்டில் எந்தப் பொருளைக் கேமரா நமக்குக் காட்டிவைக்கிறது?

பழகிக்கொள்வதற்கு, தெரிந்த படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். லாரல் ஹார்டியின் ‘ஹாக் வைல்ட்’, 1930. இயக்கியவர் ஜேம்ஸ் பாரட். ஹார்டி தலையில் இருக்கும் தொப்பியை வீடு முழுக்கத் தேடுகிறார். மனைவியும் வேலைக்காரப் பெண்ணும் சிரிக்கிறார்கள். மனைவிக்கு ரேடியோவில் ஜப்பான் நிலையம் கேட்க வேண்டும். அதற்குக் கூரைமேல் ஏரியல் கட்டியாக வேண்டும். தன் வீட்டிலேயே கேலிக்கு ஆளான மனிதர், தன் திறமையை நிரூபிக்கக் கூரை ஏறுகிறார். படத்துக்குத் தேவையான அத்தனையும் இதில் வந்துவிட்டது. அதன் பிறகு அவர் எத்தனை முறை விழுந்தாலும் அந்த வீழ்ச்சி உடம்புக்கு மட்டும் விழும் அடியாக இல்லை, அவருடைய கௌரவத்துக்கும் விழுகிறது. கடைசியில் மனைவி அழுதுகொண்டு ஓடிவருகிறாள். தனக்காகத்தான் அழுகிறாள் என்று ஹார்டி நினைக்கிறார். ரேடியோவை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்பதற்காக அவள் அழுகிறாள். முதல் நிமிடங்களில் அவள் கேட்ட பொருளே கடைசி அடியாகத் திரும்பி வருகிறது.

இப்போது அவ்வளவாக அறியப்படாத படத்துக்கு வருவோம். சார்லி சேஸ் என்ற பெயர் நம் பக்கத்தில் அநேகருக்குத் தெரியாது. சார்ல்ஸ் பாரட் என்பது அவருடைய இயற்பெயர். ‘ஹாக் வைல்ட்’ இயக்குநர் ஜேம்ஸ் பாரட் அவருடைய தம்பி. ஒல்லியாக, நேர்த்தியாக உடுத்திய, பக்கத்து வீட்டு மாப்பிள்ளை மாதிரியான தோற்றம். கோமாளி வேஷம் கிடையாது. 1926இல் லியோ மெக்கேரி இயக்கத்தில் அவர் நடித்த இரண்டு ரீல் மௌனப் படம் ‘மைட்டி லைக் எ மூஸ்’. மனைவியாக விவியன் ஓக்லண்ட்.

கணவனுக்கு முன்பற்கள் வெளியே துருத்தியிருக்கின்றன. மனைவிக்கு மூக்கு பெரிது. இருவரும் ஒருவருக்கொருவர் தெரியாமல், மற்றவரை மகிழ்விக்கவே, பல்லையும் மூக்கையும் சரிசெய்துகொள்கிறார்கள். பிறகு எதிரெதிரே சந்திக்கும்போது அடையாளம் தெரியவில்லை. ஒருவர்மேல் ஒருவருக்கு மயக்கம். இருவருமே திருமணமானதை மறைத்து, ஒரு விருந்துக்குப் போகச் சம்மதிக்கிறார்கள். அதற்காக வீடு திரும்பி, ஒரே வீட்டுக்குள் ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் ஒளிந்து ஒளிந்து உடை மாற்றுகிறார்கள்.

கதையாகச் சொன்னால் நம்பமுடியாததாக இருக்கிறது. இங்கேதான் புதிதாக எழுதுகிறவர்கள் சறுக்குகிறார்கள். மூக்கு மாறினால் மனைவியைத் தெரியாமல் போகுமா என்று கேட்டுப் படத்தைத் தள்ளிவிடுகிறார்கள். நம்பமுடியாத ஒரு விஷயத்தைத் தொடக்கத்தில் வைக்க இந்த வகைப் படத்துக்கு உரிமை உண்டு. அதைக் கேட்டு வாங்கிய பிறகு, அடுத்து வருபவை எல்லாம் அந்த ஒன்றிலிருந்து நியாயமாக விளைகின்றனவா என்பதைத்தான் பார்க்க வேண்டும். இந்தப் படத்தில் விளைகின்றன. இருவரும் செய்தது அன்பான காரியம். இருவரும் செய்வது துரோகம். இரண்டும் ஒரே அறுவைசிகிச்சையிலிருந்து பிறக்கின்றன. வேறு தம்பதியை இங்கே குடிவைக்க முடியாது. என் கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதிலை நான் வேறு குறும்படத்தில் பார்த்ததில்லை.

ஐந்தாம் படி: சங்கிலியைத் தொட்டுப் பாருங்கள்

ஒரு தாளை எடுத்து நடப்பவற்றை வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ‘அதனால்’ என்று போட முடிகிறதா, ‘அப்புறம்’ என்றுதான் போட முடிகிறதா என்று பாருங்கள். மாடியிலிருந்து பியானோ விழுகிறது, அப்புறம் நாய் வருகிறது, அப்புறம் மாவு கொட்டுகிறது என்றால் இடத்தை நிரப்பியிருக்கிறார்கள். நான்கைந்து ‘அதனால்’ தொடர்ந்து வந்தால் யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

அடுத்து, ஒரே வேடிக்கை திரும்ப வரும்போது வளர்கிறதா என்று பாருங்கள். மௌனப் பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டனின் ‘ஒன் வீக்’ (1920) இதற்கு நல்ல பாடம். புதுமணத் தம்பதியின் வீடு தண்டவாளத்தின் நடுவே சிக்கிக்கொள்கிறது. ரயில் வருகிறது. இருவரும் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். ரயில் பக்கத்துத் தண்டவாளத்தில் போய்விடுகிறது. நமக்கும் மூச்சு வருகிறது. அந்த நிம்மதியில் இருக்கும்போதே எதிர்த் திசையிலிருந்து இன்னொரு ரயில் வந்து வீட்டைச் சிதறடிக்கிறது. ஒரே பயத்தை இரண்டு தடவை பயன்படுத்தி, இரண்டாவது தடவை நம் நிம்மதியையே ஆயுதமாக்குகிறார்கள். நீங்கள் பார்க்கும் சிறிய படத்தில் இந்த அளவு இருக்காது. ஆனால் மூன்றாவது அடி முதல் அடியைப் போலவே விழுந்தால் அதைக் குறையாகவே எழுத வேண்டும்.

வேகமும் முக்கியம், முக்கியமாக மெதுவான வேகம். எட்கர் கென்னடியின் படங்களில் இதைக் கற்கலாம். வழுக்கைத் தலை, பருத்த உடம்பு. 1928இல் லாரல் ஹார்டி படங்கள் இரண்டை இயக்கியவர். 1931 முதல் 1948இல் இறக்கும்வரை ஆர்.கே.ஓ. நிறுவனத்துக்காக நூறுக்கும் மேற்பட்ட வீட்டு நகைச்சுவைக் குறும்படங்களில் கணவனாக நடித்தார். ஆரம்ப காலத்தில் சிலவற்றை இயக்கிய ஜார்ஜ் ஸ்டீவன்ஸ், பிற்காலத்தில் இருமுறை சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கர் பெற்றவர்.

இந்தப் படங்களின் வீடு எப்போதும் ஒரே மாதிரி: பேசிக்கொண்டே இருக்கும் மனைவி, குறைசொல்லும் மாமியார், வேலைக்குப் போகாத மச்சான். கென்னடிக்குக் கோபம் உடனே வெடிக்காது. முதலில் நம்பாத ஒரு பார்வை, பிறகு வாயை மூடிக்கொண்ட பொறுமை, பிறகு உள்ளங்கையால் நெற்றி உச்சியிலிருந்து முகவாய் வரை மெல்லத் தடவி இறக்கும் அந்தச் சைகை. கையில் கடிகாரம் வைத்துக்கொண்டு, தவறு நடந்த நொடிக்கும் அவர் வெடிக்கும் நொடிக்கும் இடையே எவ்வளவு நேரம் என்று பாருங்கள். அந்த இடைவெளியில் எதுவும் உடைவதில்லை, யாரும் விழுவதில்லை. சிரிப்பு முழுக்க அங்கேதான் இருக்கிறது. உடைவதை மட்டும் எண்ணுகிறவர்கள் கென்னடியைத் தவறவிட்டுவிடுவார்கள்.

ஆறாம் படி: ஒலியை அணையுங்கள்

பேசும் படத்தில் அடிதடிக் காட்சியை ஒலி இல்லாமல் ஒருமுறை ஓட்டுங்கள். ஜூல்ஸ் வைட் பொறுப்பில் கொலம்பியா நிறுவனம் எடுத்த குறும்படங்களில் ‘டொங்’, ‘படார்’ என்ற சத்தங்களே பாதி வேலையைச் செய்யும். சத்தத்தை எடுத்துவிட்டால் உடம்பு என்ன செய்கிறது என்பது தெரிந்துவிடும். அப்போதும் சிரிப்பு வந்தால் அது நடிகரின் சொத்து.

கூடவே வெட்டுகளைக் கவனியுங்கள். விழுவதற்கு முன் ஒரு ஷாட், விழுந்த பின் ஒரு ஷாட் என்று பிரித்திருந்தால் விழுந்ததை யாரும் நடிக்கவில்லை. முழு உடம்பும் தெரியும் ஒரே ஷாட்டில் விழுந்து எழுந்தால் மதிப்பு அதிகம். இது நல்ல விதி, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றக் கூடாது. ‘மைட்டி லைக் எ மூஸ்’ இறுதிப் பகுதியில் சார்லி சேஸ், கணவனும் கள்ளக் காதலனும் சண்டைபோடுவதாக மனைவியை நம்பவைக்க, தானே இரண்டு ஆளாகி மாறி மாறித் தோன்றுகிறார். அங்கே வெட்டுவது ஏமாற்றுவதற்குத்தான், ஏனெனில் அவர் மனைவியை ஏமாற்றுவதுதான் காட்சியே. அவளுக்கு எப்படித் தெரிகிறதோ அப்படியே படமாக்கியிருக்கிறார்கள். இப்படிக் காரணத்தோடு வரும் வெட்டையும், சோம்பலால் வரும் வெட்டையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தால் உங்கள் மதிப்பீட்டில் எடை கூடும்.

1940களின் பிற்பகுதி, 1950களின் கொலம்பியா படங்களில் இன்னொன்றும் நடக்கும்: பழைய படத்தின் காட்சிகளை அப்படியே எடுத்துப் புதிய படத்துக்குள் செருகிவிடுவார்கள். நடிகரின் முகம் திடீரென்று இளமையாகிவிட்டால் உங்கள் கண்ணில் கோளாறு இல்லை. பழைய படத்தைத் தேடிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். பாராட்டு உரியவருக்குப் போக வேண்டும்.

ஏழாம் படி: மனைவி ஒரு ஆளா?

வீட்டு நகைச்சுவையின் தரம் பெரும்பாலும் இதில்தான் நிற்கிறது. மலிவான படங்களில் மனைவி கதவருகே கட்டையோடு நிற்பவள். அவளுக்கு ஆசையும் கிடையாது, திட்டமும் கிடையாது, கணவனுக்குத் தடையாக இருப்பதே வேலை. அப்படிப்பட்ட படத்தில் மனைவியை எடுத்துவிட்டு ஒரு பூட்டிய கதவை வைத்தாலும் கதை ஓடும்.

விவியன் ஓக்லண்டின் மனைவி அப்படியில்லை. கணவனுக்குள்ள ஆசை, வெட்கம், குற்றவுணர்வு எல்லாம் அவளுக்கும் உண்டு. அவள் பக்கத்துக் கதையையும் அதே அளவு நேரம் எடுத்துக் காட்டுகிறார் மெக்கேரி. இதே மெக்கேரி, 1937இல் வெளிவந்த, கணவன் மனைவி பிரிந்து சேரும் ‘தி ஆஃபுல் ட்ரூத்’ படத்துக்காக ஆஸ்கர் வாங்கினார். குறும்படங்களில் பழகிய கை அது.

கென்னடி தொடரில் மனைவியாகப் பெரும்பாலும் ஃப்ளாரன்ஸ் லேக் நடித்தார். சில படங்களில் நம் விவியன் ஓக்லண்டே மனைவி. என் கேள்வியைச் சோதிக்க இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது: கணவன் அதே ஆள், மனைவி வேறு. இருவர் படத்திலும் ஒவ்வொன்றைப் பாருங்கள். ஃப்ளாரன்ஸ் லேக்கின் படபடவென்ற பேச்சும், தான் செய்வது உதவிதான் என்ற அசைக்க முடியாத நம்பிக்கையும் கென்னடியின் மெதுவான கோபத்துக்கு எண்ணெய் ஊற்றுகின்றன. அவள் கெட்டவளாக இருந்தால் அவர் எப்போதோ வெடித்திருப்பார். நல்லவளாக இருப்பதால்தான் பொறுக்க வேண்டியிருக்கிறது. ஃப்ளாரன்ஸ் லேக் இருக்கும் படங்களே மேல் என்பது என் தீர்ப்பு.

அந்தக் காலப் படங்களில் வரும் கறுப்பின வேலைக்காரர்களைப் பற்றியும், முகத்தில் கரி பூசிக் கறுப்பினத்தவராக நடிக்கும் வெள்ளையர்களைப் பற்றியும் எழுதாமல் விடக் கூடாது. ‘அந்தக் காலம் அப்படி’ என்று ஒரு வரியில் தாண்டிப் போவது நேர்மையில்லை. எந்தக் காட்சி, எவ்வளவு நேரம், படத்தின் சிரிப்பு அதன்மேல்தான் நிற்கிறதா, அதை நீக்கினாலும் படம் நிற்குமா என்று குறிப்பாகச் சொல்லுங்கள். படிப்பவர் தம் பிள்ளைகளோடு பார்க்கலாமா என்பதைத் தீர்மானிக்க அது உதவும். மனைவியை அடிப்பதை வேடிக்கையாக்கும் படங்களுக்கும் இதே முறைதான்.

எட்டாம் படி: எழுதும்போது

முதல் வரியில் ஆண்டு, நிறுவனம், இயக்குநர், ரீல் எண்ணிக்கை, நீங்கள் பார்த்த பிரதியின் நீளம். அது வெட்டிய பிரதி என்றால் அங்கேயே சொல்லிவிடுங்கள். கதையை மூன்று வரிக்குமேல் சொல்லாதீர்கள். பிறகு ஒரே ஒரு காட்சியை எடுத்து அது எப்படி இயங்குகிறது என்று விரிவாக எழுதுங்கள். பத்துக் காட்சியைத் தொட்டுச் செல்வதைவிட ஒன்றைப் பிரித்துக் காட்டுவது படிப்பவருக்கு அதிகம் பயன்படும்.

‘சிரிப்போ சிரிப்பு’, ‘வயிறு வலிக்கச் சிரித்தேன்’ போன்றவற்றை எழுதாதீர்கள். அவை உங்களைப் பற்றிய செய்தி. எந்த இடத்தில், எதனால் சிரிப்பு வந்தது என்பதுதான் படத்தைப் பற்றிய செய்தி. நட்சத்திரம் போட்டு மதிப்பெண் கொடுப்பதையும் நான் செய்வதில்லை. கீட்டனோடு ஒப்பிட்டு ஐந்துக்கு இரண்டு என்று போட்டால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. அதே தொடரின் மற்ற படங்களோடு, அதே ஆண்டின் மற்ற குறும்படங்களோடு ஒப்பிடுங்கள். அதற்காகவே ஒரு நடிகரின் படத்தைப் பற்றித் தீர்ப்பு எழுதுவதற்குமுன் அவருடைய வேறு இரண்டு படங்களையாவது பார்த்துவிடுங்கள். கென்னடியின் கைத்தடவல் முதல் படத்தில் புதுமை, மூன்றாவது படத்தில்தான் அது அவருடைய முத்திரை என்று புரியும்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், ‘ஹாக் வைல்ட்’ படத்தை முதலில் கூட்டத்தோடு பாருங்கள். அடுத்து ‘மைட்டி லைக் எ மூஸ்’; 2007இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது அது. பிறகு லாரல் ஹார்டியின் ‘பெர்ஃபெக்ட் டே’ (1929): சுற்றுலாவுக்குக் கிளம்பும் குடும்பத்தில், காலில் கட்டுப்போட்ட பெரியவராக கென்னடி வருகிறார், எல்லோரும் அந்தக் காலையே மிதிக்கிறார்கள். அங்கிருந்து அவருடைய சொந்தத் தொடருக்குள் போனால், 1930களின் படம் ஒன்று, 1940களின் படம் ஒன்று என்று எடுத்துக்கொண்டு, மேலே சொன்ன தாளையும் கடிகாரத்தையும் பக்கத்தில் வைத்து உட்காருங்கள்.